அரச விழா வெள்ளி நாணயங்கள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் ஆண்டு விழா நாணயங்களைச் சேர்க்க ஆசையா? படத்தையும் ஆண்டையும் ரசிப்பதற்கு முன்னால் உலோகத்தைப் பாருங்கள். புதியவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

படி 1: 1935 கிரவுனில் தொடங்குங்கள்

கிரவுன் என்பது பெரிய அளவிலான பிரிட்டிஷ் நாணயம். 1935 கிரவுன், மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறிய 25ஆம் ஆண்டுக்கு வந்தது. எடை 28.28 கிராம்; அதில் சரிபாதி வெள்ளி. 7 லட்சத்துக்கு மேல் அடித்ததால் இன்றும் சுலபமாகக் கிடைக்கும். அதன் ஒரு பக்கத்தில், சிற்பி பெர்சி மெட்காஃப் வடித்த செயின்ட் ஜார்ஜின் (டிராகனைக் கொன்ற புனிதர்) குதிரை விறைப்பாக நிற்கும். 'ஆடும் மரக்குதிரை' என்று கேலி செய்தார்கள். எனக்கோ அந்த வெட்டிவைத்த கோடுகள்தான் அழகு.

படி 2: 1977 கிரவுனைச் சோதித்து வாங்குங்கள்

இரண்டாம் எலிசபெத்தின் வெள்ளி விழா நாணயம் இது. சுமார் 3 கோடியே 70 லட்சம் நாணயங்கள் செம்பு-நிக்கல் கலவை. 92.5 சதவீத வெள்ளியில் ப்ரூஃப் (சேகரிப்பவர்களுக்காகப் பளபளப்பாக அடித்த நாணயம்) தனியாக வந்தது. இரண்டுக்கும் அதே 28.28 கிராம், அதே 38.61 மில்லிமீட்டர். சும்மா எடை போட்டால் எதுவும் தெரியாது.

உறையில்லாத நாணயம் என்றால் இப்படிச் செய்யுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு சுமார் 2.7 காட்டினால் வெள்ளி, 3.2 பக்கம் வந்தால் செம்பு-நிக்கல். வெள்ளிக்கு அடர்த்தி அதிகம் என்பதால் அது குறைந்த இடத்தையே பிடிக்கிறது. சோதித்ததும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

உறைக்குள் இருக்கும் ப்ரூஃபைத் தண்ணீரில் போடவே வேண்டாம். கண்ணாடி போன்ற பின்புலம், பெட்டி, சான்றிதழ் மூன்றையும் பாருங்கள். எலிசபெத்தின் 25ஆம் திருமண ஆண்டுக்கு வந்த 1972 வெள்ளித் திருமண கிரவுனும் இதே மாதிரி இரண்டு உலோகங்களில் உண்டு.

படி 3: விலையைக் கணக்குப் போடுங்கள்

1977 வெள்ளி ப்ரூஃபில் சுத்த வெள்ளி 26.16 கிராம், 1935 கிரவுனில் 14.14 கிராம். அதை நீங்கள் வாங்கும் நாளில் ஒரு கிராம் வெள்ளியின் விலையால் பெருக்கினால் அடிப்படை மதிப்பு வந்துவிடும். அதற்கு மேல் கேட்பது நாணயத்தின் நிலைக்கும் அரிதான தன்மைக்கும். அது நியாயமா என்று பார்த்துப் பேசுங்கள்.

படி 4: பாதுகாப்பு

விளிம்பை மட்டும் பிடியுங்கள். பிவிசி உறை, ரப்பர் பேண்ட் பக்கத்தில் வேண்டாம். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். அப்புறம், கறுத்துவிட்டதே என்று பாலிஷ் மட்டும் போடாதீர்கள். கறுத்த நாணயத்தை வாங்க ஆள் உண்டு. தேய்த்ததற்கு விலை பாதியாகக்கூட இறங்கும்.