சில்வர் ஓக் வளர்ப்பு: விதையிலிருந்து மிளகுக்கொடி வரை

ஏற்காட்டிலோ கீழ்ப்பழனி மலையிலோ நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலோ நேராக, உயரமாக, இலையின் அடிப்புறம் வெள்ளியாய் மின்ன நிற்கும் மரம்தான் சில்வர் ஓக். அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. குயின்ஸ்லாந்தின் தெற்கிலும் நியூ சவுத் வேல்ஸின் வடக்கிலும் உள்ள மிதவெப்ப மண்டலக் காடுகளில், ஆற்றங்கரைகளை ஒட்டி இயல்பாக வளர்கிறது. பெயரில் ஓக் இருந்தாலும் ஓக் மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. தாவரவியலில் இது கிரெவில்லியா ரோபஸ்டா, மக்கடாமியாக் கொட்டை மரத்தின் குடும்பம்.

மலையில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல மரம். ஆனால் தோட்டம் முழுவதும் இதையே நடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று நடவுப் பகுதியில் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

ஆண்டுக்கு 700 மி.மீ.க்கு மேல் மழை வேண்டும். 1,000 முதல் 2,000 மி.மீ. வரை கிடைத்தால் நன்றாக வளரும். மிதமான குளிர் பிடிக்கும். உறைபனி இளங்கன்றைக் கருக்கிவிடும், வளர்ந்த மரம் ஓரளவு தாங்கும். மண் ஆழமாகவும் லேசான அமிலத்தன்மையோடும் இருந்தால் நல்லது.

எல்லாவற்றையும் விட முக்கியம் வடிகால். மழைக்காலத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சதுப்பில் இந்த மரம் பிழைக்காது. பலமாகக் காற்று வீசும் முகட்டில் கிளைகள் எளிதில் முறியும், ஆகவே வீட்டுக் கூரையை ஒட்டியும் மின்கம்பிக்குக் கீழும் நடாதீர்கள்.

விதை

ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூக்கள் சீப்பின் பற்களைப் போல ஒரே பக்கமாக நிற்கும். பூத்து இரண்டு மாதம் அளவில் காய் முற்றும். சிறிய படகு வடிவக் காய். உள்ளே ஒன்றோ இரண்டோ தட்டையான விதைகள், சுற்றிலும் மெல்லிய சிறகு. காய் வெடித்தால் விதை காற்றோடு போய்விடும். எனவே பச்சைக் காயில் பழுப்பு ஏறத் தொடங்கும்போதே பறித்து, துணி விரித்து வெயிலில் காய வைக்க வேண்டும். காய் தானே பிளந்து விதையை உதிர்க்கும்.

நேரான, கிளை குறைந்த மரத்தைத் தாய்மரமாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே மரத்தில் எடுக்காமல், தள்ளித் தள்ளி நிற்கும் பல மரங்களில் எடுப்பது நல்லது. ஒரு கிலோவில் 60,000 விதைகளுக்கு மேல் இருக்கும், ஆகவே ஒரு கைப்பிடியே சிறு விவசாயிக்குத் தாராளம். சாதாரண அறையில் சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் குறைந்துவிடும். வைத்திருந்து விதைப்பதானால் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

நாற்றங்கால்

மழை தொடங்குவதற்கு ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே விதைத்துவிட வேண்டும். விதையை ஒரு நாள் குளிர்ந்த நீரில் ஊற வையுங்கள்; வேறு நேர்த்தி தேவையில்லை. மேட்டுப்பாத்தியில் மணலும் செம்மண்ணும் கலந்து பரப்பி, விதையைத் தூவி, அது மறையும் அளவுக்கு மட்டும் மணல் போடுங்கள். பூவாளியால் தண்ணீர் தெளித்து, லேசான நிழல் கட்டினால் மூன்று நான்கு வாரங்களில் முளைத்துவிடும்.

வித்திலைகளுக்கு மேல் முதல் உண்மை இலைகள் வந்ததும் பாலித்தீன் பைக்கு மாற்றுங்கள். வேரை மடக்கி வைக்காதீர்கள், வளைந்த வேர் பிற்காலத்தில் மரத்தையே சாய்க்கும்.

இந்த மரம் மண்ணில் உள்ள மிகக் குறைந்த மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) உறிஞ்சுவதற்காகக் கொத்துக் கொத்தாகச் சிறப்பு வேர்களை விடுகிறது. அதனால் பைமண்ணில் சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் கன்றுக்குக் கேடுதான். மட்கிய எரு போதும்.

நடவு

கன்று ஒரு அடிக்கு மேல் வளர்ந்து, கடைசி சில வாரங்கள் நிழலை எடுத்து வெயிலுக்குப் பழக்கிய பிறகு நடலாம். தென்மேற்குப் பருவமழை நன்றாகக் கிடைக்கும் சரிவுகளில் ஜூன் மாதமும், வடகிழக்கு மழையை நம்பும் பக்கங்களில் அக்டோபரும் ஏற்றவை. ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு எரு கலந்து நிரப்புங்கள். கரையான் உள்ள நிலத்தில் குழியில் வேப்பம் பிண்ணாக்கும் சேருங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் கன்றைச் சுற்றிக் களை எடுப்பதும், மண்ணை இலைதழையால் மூடி மூடாக்கு போடுவதும் கட்டாயம்.

தேயிலைக்கு நிழலாக நடுவோர் 20 அடிக்கு 20 அடி நட்டு, மரம் வளர வளர இடையிடையே சிலவற்றை வெட்டிக் கலைத்துவிடுவார்கள். தடிமரத்துக்காகத் தனித் தோப்பு என்றால் 10 அடி இடைவெளி போதும்.

தனித் தோப்பு வேண்டாம் என்பதே என் ஆலோசனை. தோப்பாக நிற்கும் இடத்தில் இதன் விதை தாய்மரத்தடியில் விழுந்தாலும் கன்று நிலைப்பது அரிது. தன் இனத்தின் வேர் பரவிய மண்ணிலேயே இளங்கன்று கருகுவதை ஆஸ்திரேலியாவிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் நம் மலைக்காடு. அத்தி, பலா, நாவல் நிற்கும் காப்பித் தோட்டத்தில் இருவாச்சி, குக்குறுவான் போன்ற பறவைகளுக்குப் பழம் உண்டு. சில்வர் ஓக் தேன் தரும், பழம் தராது. முள்முருங்கை காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) மண்ணில் சேர்க்கும், இது சேர்க்காது. நிற்கும் நாட்டு மரங்களை வெட்டிவிட்டு இதை நடுவதை நினைத்தாலே மனம் பதறுகிறது. வெற்றிடங்களிலும் வரப்போரத்திலும் மட்டும் நடுங்கள்.

மிளகு ஏற்றுதல்

சிறு தோட்டக்காரருக்குப் பணம் இங்கேதான். மரம் மூன்று நான்கு ஆண்டுகள் வளர்ந்து தண்டு உறுதியானதும், அடியிலிருந்து ஒரு அடி தள்ளி, மரத்தின் வடக்குப் பக்கத்தில், வேர்விட்ட மிளகுக்கன்றை நடுங்கள். தெற்கிலும் மேற்கிலும் வெயில் சுடும். கொடி ஏற ஏறத் தளர்வாகச் சணலால் கட்டிவிடுங்கள். மரப்பட்டை சொரசொரப்பாக ஆக ஆகப் பற்றுவேர் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆண்டுதோறும் மழைக்கு முன் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டால் கொடிக்கு வெளிச்சம் கிடைக்கும். வெட்டிய கிளை விறகு, இலை மூடாக்கு. கிளை கழிக்கும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணியுங்கள். இந்த மரத்தின் இலையும் தூளும் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். பூவிலும் காயிலும் சயனைடு இருப்பதால் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரமும் விலையும்

பிளைவுட், பேக்கிங் பெட்டி, மேசை நாற்காலி ஆகியவற்றுக்கு இதன் தடி போகிறது. சரியான திசையில் அறுத்தால் பலகையில் பட்டுப் போன்ற மினுமினுப்பான வரிகள் தெரியும். மண்ணில் புதைக்கும் கம்பத்துக்கு மட்டும் ஆகாது. விரைவில் மக்கும், கரையானும் தின்னும். முதிர்ந்த மரத்தை அடியோடு வெட்டினால் மறுதுளிர் நம்ப முடியாது. மேலே கழித்தால்தான் தழைக்கும்.

வெட்டுவதற்கு முன் சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கர்நாடகத்தின் மரப் பாதுகாப்புச் சட்டம் சில்வர் ஓக்குக்கு விலக்கு அளித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அங்கே சொந்த நிலத்து மரம் என்றாலும் அனுமதி பெற வேண்டும். வியாபாரியிடம் விலை பேசுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து, நில ஆவணங்களோடு விண்ணப்பித்துவிடுங்கள்.