எபாக்ஸி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் மே பிறந்தால் சின்னப் பாய்மரப் படகுகளைக் கரையேற்ற ஆரம்பித்துவிடுவார்கள். மழைக்குள் விரிசலை அடைத்துவிடலாம் என்று எபாக்ஸி டப்பாவோடு புதிதாக நாலு பேர் வருவார்கள். எபாக்ஸி என்பது ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டையும் கலந்தால் இறுகுகிற பிசின். நாங்கள் செய்த கூத்தையெல்லாம் அப்படியே திரும்பச் செய்வார்கள். கையுறை, முகமூடி சமாசாரம் டப்பாவிலேயே இருக்கிறது, அதை விடுங்கள்.

ஹார்ட்னரைக் கூட ஊற்றுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். போன சீசனில் சயானிலிருந்து ஒரு தம்பி வந்தான். படகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு விரிசல். நன்றாகத் தேய்த்து, கண்ணாடியிழைத் துணியை அளவாக வெட்டி அடுக்கியிருந்தான். கலக்கும்போது ஹார்ட்னர் பாட்டிலை இன்னொரு தடவை சாய்த்தான்.

"என்ன தம்பி இது?"

"கொஞ்சம் கூடப் போட்டா சீக்கிரம் பிடிச்சுக்கும்ணே."

பாலியஸ்டர் என்ற இன்னொரு வகை ரெசினில் பழகிய கை. அதில் இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான்; கூட்டினால் வேகமும் கூடும். எபாக்ஸியில் ஹார்ட்னரும் ரெசினும் ஒன்றோடொன்று பிணைந்துதான் கெட்டியாகும். இணைய ரெசின் கிடைக்காத ஹார்ட்னர் உள்ளேயே தங்கிவிடும்.

மறுநாள் நகத்தை வைத்தால் பதிந்தது. நாலு நாள் கழித்தும் அதே கதை. "மேல ஒரு கோட் சரியாக் கலந்து அடிச்சிடவாண்ணே?" என்றான். அடியில் இளகிக் கிடப்பது எத்தனை கோட் அடித்தாலும் இறுகாது. ஹீட்கன்னால் சூடேற்றிச் சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, மறுபடி தேய்த்து, துணியும் ரெசினும் புதிதாக வாங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

டப்பாவில் உள்ள விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று முதலில் பாருங்கள். அரால்டைட் ஸ்டாண்டர்ட் கொள்ளளவில் ஒன்றுக்கு ஒன்று. எடையில் 100-க்கு 80. 5-க்கு 1 கலக்கிற எபாக்ஸியும் உண்டு, அங்கே கண்திட்டம் உதவாது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள்.

அவசரம் என்றால் வேகமான ஹார்ட்னர் தனியாகவே விற்கிறார்கள். ஆனால் மே மாத வெக்கைக்கு மெதுவானதுதான் சரி: 10 டிகிரி ஏறினால், கலந்தது இறுகுவதற்கு முன் கையிலிருக்கும் நேரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். கலந்ததைக் கப்பிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். அகலமான தட்டில் பரப்பி வையுங்கள்.

சாய்வாகத் தேய்க்காமல் ஒட்டுவது

காயத்துக்குப் பிளாஸ்திரி போடுவது மாதிரி மேலே துணியை ஒட்டினால் ஓரத்திலிருந்து கிளம்பிவிடும். விரிசலைச் சுற்றி, படகுச் சுவரின் தடிமனுக்குப் 12 மடங்கு அகலத்துக்குச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். 4 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுற்றிலும் 48 மில்லிமீட்டர். தேய்க்கும்போது படகையே கெடுக்கிறோமோ என்று பயமாகத்தான் இருக்கும். தேயுங்கள்.

பிசுக்கின் மேலேயே சாண்ட்பேப்பர் போடுவது

ஈரக்காற்றில் காய்ந்த எபாக்ஸி மேல் மெழுகு போலப் பிசுபிசுப்பு படியும். தேய்த்தால் அது கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரில் கரைகிற சரக்குதான். ஸ்க்ரப்பர் போட்டுக் கழுவி, காயவிட்டு, அப்புறம் தேயுங்கள்.

எபாக்ஸி மேல் பாலியஸ்டர்

வேண்டாம். பாலியஸ்டர் மேல் எபாக்ஸி நிற்கும். திருப்பிப் போட்டால் சரியாகப் பிடிக்காது. படகின் வெளிப்பூச்சான சாதாரண ஜெல்கோட்டும் பாலியஸ்டர்தான்.

கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராகக் கலப்பது

பாலியஸ்டர் ரெசினை வேகப்படுத்தச் சேர்ப்பது கோபால்ட். கேட்டலிஸ்ட்டோடு நேராகச் சேர்ந்தால் வெடிக்கும்.

அசிட்டோனில் கை கழுவுவது

சோப்பு எதற்கு இருக்கிறது?