மதுரை வெயிலில் சாக்லேட், பிஸ்கட் ருசித்து மார்க் போடும் முறை: புதியவர்களுக்கான செய்முறை

கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பால் கொழுப்பும் சேர்ந்த மில்க் சாக்லேட் 28, 30 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். மதுரையில் கத்திரி வெயில் நாட்களில் பகல் 40-ஐத் தொடுகிறது. ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை சூடாகத்தான் இருக்கும். அதனால் இந்த ஊரில் சாக்லேட்டுக்கு மார்க் போட உட்காருகிறவர் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: நாக்கில் படுவது கம்பெனியின் கைவேலையா, வழியில் வெயில் செய்த வேலையா? பெட்டிக்கடை கண்ணாடிப் பாட்டிலில் நாலு நாள் உருகி உருகி இறுகிய பாரைத் தின்றுவிட்டு, செய்தவருக்குக் குறைந்த மார்க் போடுவது நியாயமே இல்லை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் பிரிக்கத்தான்.

படி 1: வாங்குவது

பிஸ்கட்டை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். சரக்கு வேகமாக ஓடும் இடம் நல்லது. கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடைகளில் பாக்கெட் பழசாக வாய்ப்புக் குறைவு. சாக்லேட்டை மட்டும் ஏசி ஓடுகிற கடையில், அதுவும் காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ வாங்குங்கள். வெயில் படும் ஷோகேஸில் இருப்பதையும், குளிர்பானப் பெட்டியின் தலைமேல் அடுக்கியிருப்பதையும் தொடாதீர்கள். உள்ளே குளிர் இருந்தாலும் அந்தப் பெட்டி வெளியே சூட்டைத்தான் தள்ளும்.

ஒரே பாரை இரண்டு வேறு கடைகளில் ஒவ்வொன்று வாங்குங்கள். ஒன்றில் மட்டும் குறை தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் கடையிலோ லாரியிலோதான். இரண்டிலும் ஒரே குறை என்றால் கம்பெனியைச் சந்தேகிக்கலாம்.

கவரைப் பிரிக்காமலே விரலால் தடவிப் பாருங்கள். கட்டங்களுக்கு நடுவே பள்ளம் தெளிவாகத் தட்டுப்பட வேண்டும். விளிம்பு மழுங்கி, ஒரு பக்கம் தடித்திருந்தால் அது ஏற்கெனவே உருகிய பார். பிஸ்கட் பாக்கெட்டைக் காதோரம் வைத்து ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். பொடி சரியும் சத்தம் கேட்டால் உள்ளே பாதி நொறுங்கியிருக்கிறது. இரண்டு முனை ஒட்டும் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது வண்டி சீட்டுக்கு அடியில் வைக்கக் கூடாது. துண்டில் சுற்றிய குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.

படி 2: பாக்கெட்டின் பின்பக்கம்

சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சடிக்கப்பட்டிருக்கும். சர்க்கரை முதலில் இருந்தால் அதில் அதிகம் இருப்பது சர்க்கரை. கொக்கோ வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது காம்பவுண்ட் வகை. அந்தக் கொழுப்பு வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் வாயில் கடைசி வரை உருகாமல் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். சாக்லேட் பூசிய பிஸ்கட், வேஃபர் பலவற்றில் இதுதான் இருக்கிறது. காம்பவுண்டைக் காம்பவுண்டோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பெயரிலேயே பெருமையாகச் சொல்லும் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 கிராம் பாக்கெட்டில் முந்திரி 1% என்றால் 0.75 கிராம். ஒரு முழு முந்திரிப் பருப்பே ஏறக்குறைய ஒன்றரை கிராம் இருக்கும். அப்படியானால் பாக்கெட் முழுவதற்கும் அரைப் பருப்பு.

சேர்மானப் பட்டியலில் பொருளின் பெயருக்குப் பதிலாக வரும் எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 322 என்பது லெசித்தின், கொழுப்பையும் மற்றவற்றையும் பிரியாமல் சேர்த்துப் பிடிப்பது. 476 உருகிய சாக்லேட் அச்சில் எளிதாக ஓடுவதற்கு. அது இருந்தால் கொக்கோ வெண்ணெயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பிஸ்கட்டில் 500 சமையல் சோடா, 503 அம்மோனியம் உப்பு. இரண்டும் மாவை உப்ப வைப்பவை.

படி 3: குளிர்ச்சியும் இடமும்

வாங்கி வந்த பாரைக் கவர் பிரிக்காமல் ஜிப் கவரில் போட்டு, இறுக்க மூடும் டப்பாவில் வைத்து, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். டப்பா கட்டாயம் வேண்டும். கொழுப்பு எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் தோசை மாவுப் பாத்திரமும் நறுக்கிய வெங்காயமும் இருந்தால் மறுநாள் சாக்லேட்டில் அந்த வாடைதான் முதலில் வரும்.

ருசிக்கும் நாளில் டப்பாவை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். குளிர்ந்த சாக்லேட் மேல் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். அந்த ஈரம் மேல்பரப்புச் சர்க்கரையைக் கரைத்து, காய்ந்ததும் வெள்ளையாகச் சொரசொரத்து நிற்கும். மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். கோடையில் 20 நிமிடம் போதும். 24, 25 டிகிரி சரியான பதம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் உதட்டில் வைத்துப் பாருங்கள்: லேசாகக் குளிர வேண்டும், பல் கூசக் கூடாது. ஏசி அறை இருந்தால் 24-ல் வைத்துவிட்டு அங்கேயே உட்காருங்கள்.

காலை வேளை நல்லது, காபிக்கு முன். பல் தேய்த்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பேஸ்ட் இனிப்பை மழுக்கிக் கசப்பைத் தூக்கிக் காட்டும். ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம். மதுரை மல்லியும் அந்த ஒரு மணி நேரம் அடுத்த அறையில் இருக்கட்டும்; அந்த வாசனைக்கு முன்னால் எந்தக் கொக்கோவும் நிற்காது.

நடுநடுவே வாய் துடைக்க உப்பில்லாத அரிசிப் பொரி ஒரு பிடி, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரைவிட வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது, நாக்கில் படிந்த கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும்.

படி 4: பெயரை மறைப்பது

பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். இன்னொருவரை வைத்து ஒவ்வொரு வகைக்கும் 417, 862 என்று மூன்று இலக்க எண் கொடுக்கச் சொல்லுங்கள். 1, 2 என்றோ அ, ஆ என்றோ வைத்தால் முதலாவதுதான் சிறந்தது என்ற நினைப்பு தானே வந்துவிடும். பெரும்பாலான பிஸ்கட்டிலும் சாக்லேட் கட்டத்திலும் பெயர் அச்சாகியிருக்கும், அதனால் உடைத்து, அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் வையுங்கள்.

ஒரு அமர்வுக்குச் சாக்லேட் என்றால் 4 வகை, பிஸ்கட் என்றால் 6. அதற்கு மேல் நாக்கு சோர்ந்துவிடும். துண்டு 5 கிராம் இருந்தால் போதும். இனிப்புக் குறைந்ததை முதலில் ருசியுங்கள். நல்ல இனிப்புக்குப் பிறகு வரும் எதுவும் உண்மையைவிடக் கசப்பாகத் தெரியும். இரண்டு வகைகளுக்கு நடுவே 3 நிமிட இடைவெளி. நாலு பேர் ருசித்தால், இனிப்பு ஏறக்குறைய ஒரே அளவில் உள்ள வகைகளை நாலு பேருக்கும் வேறு வேறு வரிசையில் கொடுங்கள்.

படி 5: சாக்லேட்

*கண்.* சரியாக டெம்பரிங் செய்து (உருக்கிய சாக்லேட்டின் சூட்டை அளவாக இறக்கி ஏற்றி, கொழுப்பைச் சீராக உறைய வைப்பது), கெடாமல் வந்த சாக்லேட் ஒரே நிறத்தில் மினுமினுக்கும். வெள்ளை பூத்திருந்தால் பூஞ்சை என்று தூக்கி எறிய வேண்டாம். விரல் நுனியால் மெல்லத் தேயுங்கள். உருகி மறைந்தால் அது கொழுப்பு: வெயிலில் இளகி மேலே வந்து உறைந்தது. மறையாமல் சொரசொரப்பாக நின்றால் அது சர்க்கரை, ஈரம் செய்த வேலை. சந்தேகமென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கொழுப்பின் மேல் முத்தாக நிற்கும், சர்க்கரையின் மேல் பரவிவிடும். இரண்டும் தின்னக் கெடுதல் இல்லை. ஆனால் அந்தப் பாரை மார்க் போட எடுக்காதீர்கள். இரண்டாவது கடையில் வாங்கியதை எடுங்கள்.

*காது.* இரண்டு கட்டைவிரலாலும் உடைக்கும்போது டார்க் சாக்லேட் ‘டக்’கென்று உடைய வேண்டும். மில்க் சாக்லேட் சத்தம் கொஞ்சம் மந்தமாக இருக்கும். வளைந்து பிய்ந்தால், இன்னும் 10 நிமிடம் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் வளைந்தால்தான் மார்க்கைக் குறையுங்கள்.

*மூக்கு.* மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை நாக்கில் வையுங்கள். 10 வரை எண்ணுங்கள். இனிப்பு தெரியும், கொஞ்சம் கசப்பு தெரியும், வேறொன்றும் தெரியாது. இப்போது மூக்கை விட்டுவிட்டு மூச்சை வெளியே விடுங்கள். கொக்கோவின் மணம் தொண்டை வழியாக ஒரே வீச்சில் மேலே ஏறும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்குடையது என்பதை இந்த ஒரு சோதனை காட்டிவிடும். புதியவர்கள் முதல் நாள் இதை மட்டும் செய்தாலே போதும்.

*நாக்கு.* மெல்லாதீர்கள். துண்டை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து உருக விடுங்கள். நல்ல சாக்லேட் முதலில் விளிம்பு கரைந்து, பிறகு முழுவதும் ஒரே சீராக இளகி, வாயை லேசாகக் குளிர வைத்துப் போகும். கொழுப்பு உருகும்போது வாயின் சூட்டை எடுத்துக்கொள்வதால் வரும் குளிர்ச்சி அது. நறநறப்பு இருக்கிறதா என்று நாக்கை மேலே உரசிப் பாருங்கள். துகள்கள் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். நன்றாக அரைத்ததில் 20-க்குப் பக்கத்தில் இருக்கும்.

ருசிக்குப் பெயர் சொல்ல வெளிநாட்டுப் பழங்களின் பெயர் தேவையில்லை. நம் நாக்கில் ஏற்கெனவே இருப்பவற்றைச் சொல்லுங்கள்: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் காய்ந்த பால் மணம், கருப்பட்டி, வெல்லப்பாகு, வறுத்த நிலக்கடலை, காபிக்கொட்டை, நாவல்பழம், உலர்திராட்சை, புளி. கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாகற்காய் தருவது கசப்பு. வாழைப்பூவையோ நெல்லிக்காயையோ கடித்தால் வாய் உள்ளே சுருங்குகிறதே, அது துவர்ப்பு. டார்க் சாக்லேட்டில் துவர்ப்பு மிஞ்சியிருந்தால் கொக்கோ விதை சரியாகப் புளிக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். புகை வாடை வந்தால் விதையை நெருப்புப் புகையில் உலர்த்தியிருக்க வாய்ப்பு உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக விளையும் கொக்கோவிலும் டார்க் பார்கள் வருகின்றன. கிடைத்தால் அதே கொக்கோ சதவீதம் உள்ள வேறொன்றோடு வைத்துப் பாருங்கள்.

படி 6: பிஸ்கட்

மேரி போன்ற கெட்டி மாவு வகை, குளுக்கோஸ், குக்கி போன்ற நொறுங்கும் வகை, உப்பு கிராக்கர், கிரீம் பிஸ்கட் ஆகியவற்றைத் தனித்தனிக் கூட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். மேரியையும் வெண்ணெய்க் குக்கியையும் ஒரே தட்டில் வைத்தால் வெண்ணெய் ஜெயிப்பது நிச்சயம், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

உடைத்த முனையை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல மேரியில் மெல்லிய அடுக்கும் சிறுசிறு காற்றறைகளும் சீராகத் தெரியும். மேலே உள்ள ஓட்டைகள் அழகுக்கு இல்லை. வேகும்போது ஆவி வெளியேறி, மேற்புறம் கொப்புளிக்காமல் இருப்பதற்காக. உடைத்ததும் மூக்கருகே கொண்டுபோங்கள். காறிப்போன எண்ணெய் வாடை இருந்தால் பாக்கெட் பழசு, அல்லது சூட்டில் கிடந்தது. சாக்லேட்டைப்போல இங்கும் இன்னொரு கடை பாக்கெட்டோடு சரிபாருங்கள்.

பாக்கெட்டைப் பிரித்த உடனே ருசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில மணி நேரத்திலேயே நமத்துவிடும். நமத்ததற்கு மொறுமொறுப்பு மார்க் போட முடியாது.

நம் ஊரில் டீயில் முக்காமல் பிஸ்கட்டை மதிப்பிடுவது அரைகுறைதான். டீயை டம்ளரில் ஊற்றி 3 நிமிடம் கழித்து, எல்லாவற்றையும் 2 சென்டிமீட்டர் ஆழம், ஒரே நேர்க்குத்தாக முக்குங்கள். எத்தனை எண்ணிக்கையில் உடைந்து விழுகிறது என்று குறியுங்கள். ஒவ்வொரு வகைக்கும் 3 முறை செய்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டீ நுண்ணிய துளைகள் வழியாக ஏறிச் சர்க்கரையைக் கரைக்கும், மாவை ஊற வைக்கும். ஈரம் இரண்டு பக்கத்தையும் எட்டியதும் ஒடிந்துவிடும். டீ ஆற ஆறக் கணக்கு மாறும், அதனால் மூன்று பிஸ்கட்டுக்கு ஒருமுறை புது டீ.

படி 7: மார்க்

சாக்லேட்: தோற்றம் 10, உடையும் சத்தம் 10, மணம் 20, உருகல் 25, ருசி 25, விழுங்கிய பிறகு நிற்கும் ருசி 10.
பிஸ்கட்: தோற்றம் 10, மொறுமொறுப்பு 20, மணம் 15, ருசி 25, டீ 15, பின்ருசி 15.

தாளில் ‘வழிக் கோளாறு’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். வெள்ளை பூத்தது, விளிம்பு மழுங்கியது, நமத்தது எல்லாம் அங்கே எழுத மட்டும்; மார்க்கில் கழிக்கக் கூடாது. எல்லோரும் எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் “ஆகா” என்றால் மற்ற மூன்று தாளும் மாறிவிடும். விலையை மார்க்கோடு கலக்காமல், 100 கிராமுக்கு எவ்வளவு என்று பக்கத்தில் தனியாக எழுதுங்கள். 60 கிராம் 10 ரூபாய் என்றால் 16.67, 150 கிராம் 30 ரூபாய் என்றால் 20. பெரிய பாக்கெட்தான் லாபம் என்று எண்ணிவிட வேண்டாம்.

படி 8: வித்தியாசம் நிஜமா?

இரண்டு வகைகளுக்கு நடுவே 5 மார்க்தான் இடைவெளி என்றால் மூன்று துண்டுச் சோதனை செய்யுங்கள். இரண்டு துண்டு ஒரே வகை, ஒன்று வேறு. கண்ணை மூடி மூன்றையும் ருசித்து, வேறானதைக் காட்ட வேண்டும். எந்த வகை இரண்டு துண்டு என்பதையும் சேர்த்தால், இதை அடுக்க ஆறு விதம்தான் உண்டு. ஆறையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆறு சுற்று நடத்துங்கள். சாக்லேட்டுக்கு 2 கிராம் துண்டு போதும், நாளுக்கு மூன்று சுற்று வீதம் இரண்டு நாள். குருட்டாம்போக்கில் சொன்னால் ஆறில் இரண்டு சரியாகும். ஐந்தோ ஆறோ சரியாக வருவது அப்படி யூகித்தால் 100-க்கு 2 தடவைகூட நடக்காது. ஐந்து வந்தால் உங்கள் நாக்கு நிஜமாகவே பிரித்திருக்கிறது. இரண்டு, மூன்று என்று நின்றால் அந்த 5 மார்க்கை அடித்துவிட்டு இரண்டுக்கும் ஒரே மார்க் போடுங்கள். அடுத்த மாதச் சாமானில் 100 கிராமுக்கு விலை குறைந்தது வரட்டும்.