டிஜிட்டல் கையொப்பம்: தவறு நடப்பது எங்கே?

கையொப்பம் போட்டுவிட்டால் ஆவணம் ரகசியமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. கையொப்பமிட்ட பிடிஎஃப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆவணத்தின் ஹேஷை, அதாவது அதன் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற ஒரு சிறிய எண்ணைக் கணக்கிட்டு, அதன்மேல் நம்மிடம் மட்டுமே இருக்கும் தனிச்சாவியால் கையொப்பம் இடுகிறோம். அதற்கு ஜோடியாக எல்லோருக்கும் கொடுக்கும் பொதுச்சாவியை வைத்து எவரும் சரிபார்க்கலாம். போட்டது யார், அப்புறம் ஏதாவது மாறியதா, இவ்வளவுதான் அது சொல்லும்.

பெரிய சேதம் ரேண்டம் எண்ணில்தான் வருகிறது. ஈசிடிஎஸ்ஏ (ECDSA) என்ற பரவலான கையொப்ப முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு ரகசிய எண் வேண்டும். பிளேஸ்டேஷன் 3க்கான மென்பொருளில் சோனி எல்லாக் கையொப்பங்களுக்கும் ஒரே எண்ணையே போட்டிருந்ததை 2010 டிசம்பரில், பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் அம்பலப்படுத்தினார்கள். கையொப்பத்தில் இரண்டு பகுதி உண்டு. ரகசிய எண் மாறாவிட்டால் முதல் பகுதியும் மாறாது, பார்த்தவுடனே தெரிந்துவிடும். அப்படி இரண்டு கையொப்பம் கிடைத்தால் இரண்டு சமன்பாடு, தெரியாதவையும் இரண்டே: அந்த எண், தனிச்சாவி. ஹேஷ்களின் வித்தியாசத்தை இரண்டாம் பகுதிகளின் வித்தியாசத்தால் வகுத்தால் எண் வந்துவிடும், பின்னாலேயே சாவியும் வரும். பள்ளிக்கூட அல்ஜீப்ராதான்.

அதே எண் திரும்ப வராவிட்டாலும், முழு ரேண்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே போதும், சாவி கசிந்துவிடும். தொலைவிலுள்ள கணினிகளில் நுழையப் பயன்படும் புட்டி (PuTTY) மென்பொருளில் 521 பிட் சாவிகளுக்கு அந்த எண்ணின் முதல் 9 பிட்டும் எப்போதும் பூஜ்யமாக இருந்தது 2024இல் தெரியவந்தது. சுமார் 60 கையொப்பம் சேர்ந்தால் சாவி போச்சு. மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, பழைய சாவியையே தூக்கிப்போட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் எட்25519 (Ed25519) என்ற கையொப்ப முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அந்த எண் செய்தியிலிருந்தும் சாவியிலிருந்துமே கணக்கிடப்படுகிறது.

சரிபார்க்கும் பக்கமும் சறுக்கும். ஜாவா 15 முதல் 18 வரை, இரண்டு பகுதியும் பூஜ்யமான கையொப்பத்தை எந்தச் செய்திக்கும் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. 2022 ஏப்ரலில்தான் திருத்தினார்கள். அதனால், செல்லாத கையொப்பங்களையும் கொடுத்துச் சோதியுங்கள். ஹேஷ் கணக்கிட எஸ்ஹெச்ஏ-1 (SHA-1) என்ற பழைய முறை வேண்டவே வேண்டாம். ஒரே ஹேஷ் வரும் இரு வேறு பிடிஎஃப்களை 2017லேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள்.

நம் ஊரில் எனக்கு அதிகம் கவலை தருவது, டிஎஸ்சி டோக்கனை (தனிச்சாவி இருக்கும் யுஎஸ்பி கருவியை) அதன் ரகசியக் குறியீட்டு எண்ணோடு (PIN) சேர்த்து ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்துவைக்கும் வழக்கம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42இன்படி தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ்தாரரின் கடமை. சாவி கைமாறிவிட்டது என்று சான்றளித்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கும்வரை பொறுப்பும் அவருடையதே.