ஊரே செய்யும் தவறைச் சொல்லி விற்க முடியாது

விளம்பர வாசகம் எழுதப் பழகுகிறவர்களின் வரைவுகளைத் திருத்தும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. எழுத்துப்பிழையையும் ஆச்சரியக்குறி மழையையும் அவர்களே நாளடைவில் சரிசெய்துகொள்வார்கள். வாங்குபவரின் மனமறிந்து எழுதுவதாக நினைத்துக்கொண்டு அந்த மனத்துக்கு எதிராகவே எழுதிவிடும் தவறுகள் அப்படித் தாமாகப் போவதில்லை. அவற்றில் முதலாவதை நான் கைக்காசு போட்டுக் கற்றேன்.

"பெரும்பாலானோர் செய்வதில்லை" என்று எழுதுவது

கோயம்புத்தூரில் ஆர்.ஓ. இயந்திரங்களுக்குச் சர்வீஸ் செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்காக ஒருமுறை நோட்டீஸ் எழுதினேன். "நம்மில் பெரும்பாலானோர் ஆண்டுக்கு ஒருமுறைகூட ஃபில்டரை மாற்றுவதில்லை!" என்பது தலைப்பு, அதன் கீழே பழுப்பேறிய ஃபில்டர் ஒன்றின் படம். உறைக்கும்படி எழுதிவிட்டதாக எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஐயாயிரம் நோட்டீஸ்கள் நாளிதழோடு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தும், அந்த வாரம் வந்த அழைப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம் புரியாமல் பழைய வாடிக்கையாளர் சிலரை நானே தொலைபேசியில் அழைத்தபோது, ஓர் அம்மா சிரித்துக்கொண்டே, "ஊர்ல யாருமே மாத்துறதில்லைன்னு நீங்கதானே தம்பி அச்சடிச்சிருக்கீங்க, எனக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றார். அச்சுக்கூலி என் கட்டணத்தில் கழிந்தது. அதில் நியாயமும் இருந்தது.

முடிவெடுக்கத் தயங்குகிறவர் அக்கம்பக்கத்தைப் பார்க்கிறார். "பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள்" என்று எழுதினால், 'தவறு' என்பதைக் காட்டிலும் 'பலர்' என்பதே அவர் மனத்தில் தங்குகிறது. சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நம் திருவக்கரையில் உள்ளவை போன்ற கல்மரங்களுக்கு (கல்லாக மாறிவிட்ட பழங்கால மரங்களுக்கு) பெயர்பெற்ற தேசியப் பூங்கா ஒன்றில் இதைச் சோதித்தார்கள். பாதையோரம் அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளைப் போட்டுவைத்து, முன்பு வந்தவர்களில் பலர் கல்மரத்தை எடுத்துச் சென்றதால் வனத்தின் இயல்பு மாறிவிட்டது என்று பலகை வைத்தபோது, 7.92 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் வேண்டிய பலகை நின்றபோது போனவை 1.67 சதவீதம்தான்.

அடுத்த நோட்டீஸை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் பதிவேட்டை வைத்துக்கொண்டு எழுதினேன்: "உங்கள் தெருவில் சென்ற மாதம் 14 வீடுகளில் ஃபில்டர் மாற்றினோம்." தெருவுக்குத் தெரு எண் மாறும், பதிவேட்டில் இல்லாத எண் எதுவும் அச்சேறாது. இம்முறை தொலைபேசி ஒலித்தது. நெருக்கமான கூட்டத்தைக் காட்டினால் கூடுதலாகப் பலிக்கும் என்பதற்கும் சான்று உண்டு: 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், குளியல் துண்டை மறுபடி பயன்படுத்தக் கேட்கும் ஓட்டல் அட்டைகளில், இதே அறையில் தங்கியவர்களைச் சுட்டிய வாசகமே மற்றவற்றை முந்தியது.

இத்தனையும் சொல்லிக்கொடுத்த பிறகும், காப்பீடு, கண் பரிசோதனை, உயில் என எந்தப் பொருளைக் கொடுத்தாலும் வரைவின் முதல் வரி "நம்மில் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை" என்று வந்து நிற்கும்போது, சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிடலாமா என்று தோன்றுகிறது.

பயமுறுத்திவிட்டு வழிகாட்டாமல் விடுவது

ஹோவர்ட் லெவென்தாலும் சகாக்களும் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிய துண்டறிக்கைகளை, சிலருக்குக் கடுமையாகப் பயமுறுத்தும்படியும் சிலருக்கு மிதமாகவும் எழுதிக் கொடுத்தார்கள். துண்டறிக்கையை மட்டும் படித்தவர்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம். மருத்துவ மையத்துக்கான வரைபடமும் நேரமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் 28 சதவீதம். இந்த வித்தியாசத்தைப் பயத்தின் அளவு உண்டாக்கவில்லை. ஆகவே, பயமுறுத்தும் வரிக்கு அடுத்த வரியிலேயே முகவரியும் நேரமும் இருக்க வேண்டும்.

பொய்யான "இன்றே கடைசி"

கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பட்டியலிடும் 13 ஏமாற்று உத்திகளில் போலி அவசரமும் ஒன்று.

99-இல் முடியும் விலை

மலிவான பொருளுக்குச் சரி, பட்டுப்புடவைக்கு வேண்டாம்.