எலிக்குப் பசை அட்டை வைக்கும் முன்

எலித் தொல்லைக்குப் பசை அட்டை வாங்கப் போகிறீர்களா? வேண்டாம். அதில் ஒட்டிய எலி உடனே சாவதில்லை. இழுக்க இழுக்க முடி பிய்ந்து, தோல் உரிந்து, தாகத்தில் மணிக்கணக்கில் துடிக்கும். பல்லியும் குருவியும்கூட மாட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் உரிமம் இல்லாமல் இதை வைப்பதே குற்றம். விஷமும் மாற்று இல்லை. செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அது போய்ச் சேரும்.

சரி, என்ன செய்வது? வழியை அடையுங்கள். பென்சில் நுழையும் ஓட்டை போதும், சுண்டெலி உள்ளே வந்துவிடும். குழாய் சுவருக்குள் போகும் இடத்தையும் கதவின் அடி இடுக்கையும் முதலில் பாருங்கள். ஓட்டையில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை இறுக்கித் திணித்து, மேலே சிமெண்ட் பூசிவிடுங்கள். கூண்டு வைத்தால் காலையும் மாலையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஏற்கெனவே ஒன்று ஒட்டிக்கிடந்தால் பிடித்து இழுக்காதீர்கள். கையுறை போட்டு, ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு மெல்ல அசைத்தால் பசை இளகும். பறவை என்றால் எண்ணெய் வேண்டாம், சிறகு கெட்டுவிடும். மீதிப் பசையில் காகிதம் ஒட்டி, அட்டையோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.