முகத்தில் பூசியது முகத்தோடு நிற்பதில்லை: தம்பதியரின் இரவுநேரப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்றைய வேலைகள் எல்லாம் ஓய்ந்த பிறகு, கணவனும் மனைவியும் சேர்ந்து முகம் கழுவி, ஒருவருக்கு மற்றவர் க்ரீம் தடவிவிட்டு, முதுகையும் தோளையும் நிதானமாகப் பிடித்துவிட்டு, அந்த நிதானம் குலையாமலேயே நெருக்கத்துக்கு நகர்வது நல்ல வழக்கம்தான். ஆனால் முகத்துக்கான பொருட்களும் அந்தரங்கப் பகுதிக்கு ஏற்ற பொருட்களும் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டவை என்பதையும், அந்த இரண்டுக்கும் நடுவே போய்வருவது அதே பத்து விரல்கள்தாம் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. இந்த வழக்கத்தில் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை, ஓரிடத்தில் பூசிய பொருள் அங்கேயே நின்றுவிடும் என்று நாமாக நினைத்துக்கொள்வதிலிருந்து வருகின்றன.

முகச்சுருக்கத்துக்கும் பருவுக்கும் பூசப்படும், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாலை எடுத்துக்கொள்வோம். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் பரப்பி முடித்ததும் விரல் நுனி உலர்ந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் நகத்தடியிலும் விரல் ரேகைகளிலும் கொஞ்சம் தங்கியிருக்கும். அரைமணி நேரம் கழித்து அதே விரல் அந்தரங்கப் பகுதியின் மெல்லிய சளிச்சவ்வைத் தொடும்போது எரிச்சலும் சிவப்பும் உண்டாகலாம். காரணம் புரியாதவர்கள் அதைப் பூஞ்சைத் தொற்று என்று தாங்களாகவே முடிவுகட்டி, கடையில் கிடைக்கும் பூஞ்சை எதிர்ப்பு க்ரீமை வாங்கிப் பூசி, எரிகிற இடத்தை மேலும் எரிய வைத்துக்கொள்கிறார்கள். கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு, வைட்டமின் சி சீரம் ஆகியவற்றிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

உடலின் எல்லா இடத்துச் சருமமும் ஒரே அளவில் எதையும் உள்ளிழுப்பதில்லை. ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1967-இல் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தை ஆண்களின் உடலில் பல இடங்களில் பூசி அளந்து பார்த்தார்கள். முன்கையில் உறிஞ்சப்பட்ட அளவை 1 என்று வைத்துக்கொண்டால், நெற்றியில் அது 6 ஆகவும், தாடையோரத்தில் 13 ஆகவும், விதைப்பையின் தோலில் 42 ஆகவும் இருந்தது. அந்தரங்கப் பகுதியின் மென்மை பெண்களுக்கு மட்டுமே உரிய கவலை என்று நினைக்கும் ஆண்கள் இந்தக் கடைசி எண்ணை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இதற்கான வழி எளிது. நெருக்கத்துக்கு மனம் இருக்கும் இரவுகளில் முகத்துக்கு ஒரு மென்மையான க்ளென்சரும் வாசனையற்ற மாய்ஸ்சரைசரும் போதும்; மற்றவற்றை மறுநாளைக்கு ஒதுக்கிவிடலாம். ரெட்டினாலின் பலன் மாதக்கணக்கில் தெரிவது என்பதால் ஓரிரவு விடுபட்டால் எதுவும் குறைந்துவிடாது. அதைத் தவறாமல் பூசியே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள், பூசியபின் நகத்தடி உட்பட சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பூசிய கன்னத்தில் துணையின் உதடு படும் என்பதையும் கணக்கில் கொள்ளட்டும். கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்க முயல்பவர்களும் ரெட்டினால் உள்ளிட்ட ரெட்டினாய்டு வகைப் பொருட்களை அடியோடு விலக்குவதே மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அறிவுரை.

இதைவிடக் கவனம் தேவைப்படுபவை, தோலில் பூசும் மருந்துகள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அடங்கிய ஜெல் தோளிலோ மேற்கையிலோ பூசப்படுவது. அது முழுமையாக உள்ளே இறங்குவதற்குள் துணையின் தோல் உரசினால் அந்த ஹார்மோன் அவருக்கும் போய்ச்சேரும். பெரியவர்கள் பூசிய ஜெல் பட்டுச் சிறு குழந்தைகளின் உடலில் பருவமாற்ற அறிகுறிகள் தோன்றிய பிறகு, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-இல் அதன் உறைமீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. பூசிய இடத்தை ஆடையால் மூடுவதும், உடல்கள் ஒட்டிக்கிடக்கப் போகிறோம் என்றால் முன்னதாக அவ்விடத்தைக் கழுவுவதும் கட்டாயம். முடி வளர்ச்சிக்கான மினாக்ஸிடில் உலர்வதற்கு 2 முதல் 4 மணி நேரம் பிடிக்கும். உடனே தலை சாய்த்தால் தலையணை வழியாக அது இருவரின் முகத்துக்கும் வரும். யோனி வறட்சிக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அடங்கிய க்ரீமை உறவின்போது வழுக்கலுக்காகப் பூசிக்கொள்வதும் தவறு. அது மருந்து, துணையின் உடலிலும் ஏறும்.

அடுத்தது எண்ணெய். மசாஜுக்கு எண்ணெயை மிஞ்சியது எதுவுமில்லை என்பதை நானும் மறுக்கமாட்டேன். ஆனால் எண்ணெயும், லேடெக்ஸ் என்ற ரப்பரால் ஆன ஆணுறையும் சேரக் கூடாதவை. 1989-இல் வெளியான ஓர் ஆய்வக ஆய்வில், மினரல் ஆயில் பட்ட 60 நொடிகளிலேயே லேடெக்ஸ் ஆணுறையின் வலிமை ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது. பேபி ஆயில், பெட்ரோலியம் ஜெல்லி, தேங்காய் எண்ணெய், எண்ணெய் கலந்த பாடி லோஷன் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். பூஞ்சைத் தொற்றுக்கான சில யோனி க்ரீம்களும் அப்படித்தான். ஆணுறைமீது எண்ணெய் தடவக் கூடாது என்பதை அறிந்தவர்கள்கூட, முதுகு பிடித்துவிட்ட கையைக் கழுவாமல் உறையைப் பிரித்துவிடுகிறார்கள். நுண்ணிய சிதைவு கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் மசாஜ் இல்லாமல் முடியாது என்பவர்கள் பாலியூரித்தேன் ஆணுறைக்கு மாறிக்கொள்ளலாம். நீர் அடிப்படையிலும் சிலிக்கோன் அடிப்படையிலும் அமைந்த, வழுக்கலுக்கான லூப்ரிகண்டுகள் லேடெக்ஸுக்குத் தீங்கு செய்வதில்லை.

அந்த லூப்ரிகண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பிழை நேர்கிறது. நீர் அடிப்படையிலானது என்று எழுதியிருந்தாலே மென்மையானது என்று முடிவுகட்டிவிடுகிறோம். கிளிசரினும் புரோப்பிலீன் கிளைகாலும் மிகுதியாகச் சேர்ந்த ஜெல், உப்பிட்ட காய் நீர் விடுவதைப்போல, மெல்லிய திசுக்களிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். அப்போது வழுவழுப்பாகவும், அடுத்த நாள் உலர்ந்து எரிவதாகவும் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிவுரைக் குறிப்பில், இந்த இழுவிசையைக் குறிக்கும் ஆஸ்மோலாலிட்டி அளவு கிலோவுக்கு 380 மில்லி ஆஸ்மோலுக்கு உள்ளே இருப்பது விரும்பத்தக்கது என்றும், எப்படியும் 1200-ஐத் தாண்டலாகாது என்றும், யோனிக்கான ஜெல்லின் அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பிஹெச் 4.5 அளவை ஒட்டி இருக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. உறையில் இந்த எண் அச்சிடப்படாவிட்டாலும் சேர்மானப் பட்டியல் இருக்கும். அதன் தொடக்கத்திலேயே கிளிசரின் வந்தால் வேறொன்றைப் பார்ப்பது நல்லது. சூடேற்றும், குளிரூட்டும் என்று விற்கப்படுபவற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். கருத்தரிக்க முயல்பவர்கள், பல லூப்ரிகண்டுகள் விந்தணுவின் அசைவைத் தடுப்பவை என்பதால், அதற்கென்றே தயாரிக்கப்பட்டதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கழுவுவதில் மிகையும் ஒரு தவறுதான். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்ணின் யோனியில் பிஹெச் 3.8 முதல் 4.5 வரை இருக்கும். அங்கே குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் லாக்டிக் அமிலமே அதற்குக் காரணம், தொற்றுக்கு எதிரான முதல் காவலும் அதுவே. காரத்தன்மையுள்ள சோப்பை உள்ளே செலுத்துவதும், தண்ணீரைப் பீச்சி அலசுவதும், முகத்துக்கான ஸ்க்ரப்பை அங்கே தேய்ப்பதும் அந்தக் காவலைக் கலைக்கின்றன. வெளிப்புறத்தை வெதுவெதுப்பான நீரால் கழுவினால் போதும். அந்தரங்க வாஷ் என்று பூப்படம் போட்டு விற்கப்படும் புட்டிகள், இயல்பான மணத்தைக்கூடக் குறையென்று நம்பவைத்துத்தான் விலைபோகின்றன என்பது என் எண்ணம். மணம் திடீரென மாறினால் அதை வாசனையால் மூடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டால்கம் பவுடரையும் அங்கே பூச வேண்டாம். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2024-இல் டால்க்கைப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ள 2ஏ பிரிவில் சேர்த்துள்ளது.

மழித்தலையும் வாக்ஸிங்கையும் அன்றைக்கே வைத்துக்கொள்வது இன்னொரு அவசரம். மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். ஒருநாள் முன்னதாக முடித்துவிட்டால் உராய்வும் எரிச்சலும் குறையும். மூலிகை எண்ணெய்ச் சாறுகளை (எசென்ஷியல் ஆயில்) வேறு எண்ணெயில் கலக்காமல் நேரே பூசுவதும், புதினா, இலவங்கப்பட்டை போன்ற காரமான சாறுகளை இடுப்புக்குக் கீழே கொண்டுபோவதும் கூடாது. புதிய பொருள் எதுவானாலும் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி 48 மணி நேரம் பார்க்க வேண்டும், ஏனெனில் தொடுஒவ்வாமை பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே தலைகாட்டும். இந்தச் சோதனையை வாங்கியவர் மட்டும் செய்தால் போதாது. இருவருமே செய்ய வேண்டும்.

குளியல் விஷயத்தில் நேரம்தான் பிழைபடுகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் உறங்குவதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பாகக் குளிப்பவர்களுக்கு உறக்கம் விரைந்து வருகிறது. கைகால்களுக்கு ரத்தம் பாய்ந்து உடலின் உள்வெப்பம் இறங்குவதே அதற்குக் காரணம். குளித்த கையோடு படுத்தால் உடல் சூட்டில் புரளத்தான் நேரும். அதைவிடச் சூடான நீர் தோலின் இயற்கை எண்ணெயையும் உரித்துவிடும். குளித்து ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவி, அது ஊறும் நேரத்தைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். மெழுகுவத்தி ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பிசுபிசுப்பான ஆயின்ட்மெண்டும் க்ரீமும் ஊறிய துணி வேகமாகத் தீப்பற்றும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்திருக்கிறது. ஆகவே சுடர் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

இதுவரை சொன்னவை பொருட்களைப் பற்றியவை. தொடுகையிலேயே நேரும் தவறு வேறு. நம் தோலில், வருடலுக்கென்றே இயங்கும் சி-டாக்டைல் என்ற நரம்பிழைகள் உண்டு. அவை நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில் நகரும் கைக்கே நன்றாக விழிக்கின்றன. நொடிக்கு 3 சென்டிமீட்டர் அளவிலும், தோலின் வெப்பமான 32 டிகிரியை ஒட்டியும் தொடும்போது அவற்றின் துடிப்பு உச்சத்தில் இருக்கிறது. முழங்கையின் மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒருமுறை வருட 8 நொடிகள் ஆக வேண்டும். எண்ணிக்கொண்டு ஒருமுறை வருடிப் பாருங்கள். நாம் வழக்கமாக லோஷன் தேய்க்கும் வேகம் எவ்வளவு அவசரமானது என்பது அப்போது விளங்கும். புட்டியிலிருந்து நேரே துணையின் முதுகில் ஊற்றாமல், உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடேற்றியபின் தொடுவதன் பொருளும் இதுதான்.

ஆனால் எத்தனை மெதுவாகத் தொட்டாலும், இது எதில் போய் முடிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒருவரிடம் இருந்தால் மற்றவரின் உடல் அதை உடனே கண்டுகொள்ளும். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இணை 1970-இல் முன்வைத்த தொடுகைப் பயிற்சியின் தொடக்கக் கட்டத்தில் உடலுறவே விலக்கப்பட்டிருந்தது. முடிவு இன்னதென்ற அழுத்தம் நீங்கினால்தான் தொடுகையில் மனம் நிற்கும் என்பது அவர்கள் கண்டது. விருப்பம் எப்போதும் முன்கூட்டியே எழுவதில்லை, பலருக்கு இதமான தொடுகைக்குப் பிறகே எழுகிறது என்று கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000-ஆம் ஆண்டு வாக்கில் விளக்கினார். அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு, தொட்டால் விருப்பம் தானாக வந்துவிடும் என்று ஒருவர் எதிர்பார்த்து உட்கார்ந்தால் நிலைமை தலைகீழாகும். ஒவ்வொரு ஃபேஸ் மாஸ்க்கும் படுக்கையில்தான் முடியும் என்றால், களைத்த நாட்களில் துணை மாஸ்க்கையே தவிர்க்கத் தொடங்குவார். இன்றைக்கு முதுகு பிடித்துவிட்டால் போதும் என்று சொல்லவும், அதை முகம் சுளிக்காமல் கேட்கவும் இருவராலும் முடிய வேண்டும்.

கண்ணாடி முன் வெள்ளை விளக்கைப் போட்டுக்கொண்டு, “மூக்கோரத்தில் இவ்வளவு கரும்புள்ளியா? போன மாதம் இப்படி இல்லையே” என்று துணையின் முகத்தைச் சோதிப்பவர்களும் உண்டு. அக்கறையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வரியில் துணை நோயாளியாகவும் சொன்னவர் பரிசோதகராகவும் மாறிவிடுகிறார்கள். தன் தோலைப் பற்றிக் கூசிப்போனவரால் அதன்பிறகு ஆடையைத் தளர்த்த முடியாது. கரும்புள்ளியைப் பற்றிப் பேசக் காலை நேரம் இருக்கிறது.

வறட்சியையும் வலியையும் இந்த வழக்கத்தின் குறைபாடாக எண்ணி, மேலும் மேலும் பொருட்களை வாங்கிக் குவிப்பது நான் அதிகம் வருந்தும் தவறு. தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனித் திசு மெலிந்து உலர்கிறது. இது விருப்பமின்மையின் அடையாளம் அல்ல. லூப்ரிகண்ட் அந்த நேரத்து உராய்வை மட்டுமே குறைக்கும். யோனிக்கான மாய்ஸ்சரைசர் என்பது உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பயன்படுத்தி ஈரத்தைக் காப்பது. இரண்டையும் ஒன்றென எண்ணி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்துபவர்கள், எதுவும் பலிக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். இவற்றுக்குப் பிறகும் வலி தொடர்ந்தாலோ, உறவுக்குப்பின் ரத்தம் கசிந்தாலோ, புண்ணோ கொப்புளமோ தென்பட்டாலோ, அன்றைய இரவோடு நெருக்கத்தை நிறுத்திவைத்து மகப்பேறு மருத்துவரையோ தோல் மருத்துவரையோ பார்க்க வேண்டும். போகும்போது அந்த வாரம் உடலில் எங்கெங்கே என்னென்ன பூசினீர்கள் என்பதை, துணை பூசியவற்றையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.